கண்டுபிடிச்சதுக்குக் கூலி எங்கே?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்ட விஷயம் இது. காரைப் பத்தின பதிவுதான், ஆனா கார் இல்லாதவங்களும் படிக்கலாம். வீட்டுல மிக்ஸி, மோட்டார், டிவி ரிப்பேருக்குக் கொடுத்தவங்க எல்லாருக்கும் பொருந்தும்.

நேரா சொல்லிடறேன். நம்ம ஊர்ல மெக்கானிக் ஒரு சாமானை மாத்தினா காசு கொடுக்கிறோம். என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சா கொடுக்கிறதில்லை. "சும்மா பாத்ததுக்கு என்னப்பா காசு?"ங்கிறோம். அப்படிக் கேக்குற வரைக்கும் அவங்க சாமானைத்தான் மாத்திட்டு இருப்பாங்க. அதுல தப்பு பாதி அவங்களோடது, மீதிப் பாதி நம்மளோடது. சொல்லப்போனா நம்ம பங்கு கொஞ்சம் கூடவே இருக்கும்.

இது நல்லாத் தெரியுற இடம், எஞ்சின் மாத்தின, ஒயரிங் மாத்தின பழைய கார். அதுலயும் சார்ஜிங் கோளாறு.

கொஞ்சம் பழைய கதை. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் பொறந்த காலத்துல கார்ல இருந்தது டைனமோ. லூகாஸ் டைனமோ ஒண்ணு முழு மூச்சா சுத்தினா சுமார் 22 ஆம்பியர் கொடுக்கும். வண்டி நின்ன இடத்துல ஐடில்ல ஓடினா ஒண்ணுமே தராது. பக்கத்துல ஒரு கட்-அவுட் பெட்டி, அதுதான் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும். ரெண்டு ஹெட்லைட், ஒரு ஹாரன், ஒரு வைப்பர் மோட்டார். அந்தக் காலத்துக்கு அது போதும். அப்புறம் ஆல்டர்னேட்டர் வந்துச்சு. அமெரிக்காவுல கிரைஸ்லர் கம்பெனி 1960ல வேலியன்ட் கார்ல போட்டு ஆரம்பிச்சது. இங்கே 1961ல தொடங்கின லூகாஸ் டிவிஎஸ் நம்ம சென்னை பாடியில இருக்கு. ஆல்டர்னேட்டர் ஐடில்லயும் சார்ஜ் பண்ணும், டைனமோவை விட ரெண்டு மூணு மடங்கு ஆம்பியர் தரும். ஆனா எங்க பக்கத்துல இன்னைக்கும் அதுக்குப் பேர் "டைனமோ"தான். பேர் மாறலேன்னா பரவாயில்லை, சோதிக்கிற முறையும் மாறலைங்கிறதுதான் பிரச்சினை. அதுக்கு அப்புறம் வரேன்.

இப்போ எங்க பெரியப்பா வண்டி. ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பழையசீவரம். வண்டி 1974 மாடல் அம்பாசடர் மார்க் 2. பிறவியில பெட்ரோல். 90கள்ல பெட்ரோல் விலைக்குப் பயந்து நிறைய பேர் செஞ்ச மாதிரி அவரும் மேட்டடார் டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ளே வச்சார். அதை ஆர்.சி. புத்தகத்துல முறையா ஏத்தியாச்சு. அப்புறம் ஹாலஜன் லைட், பாட்டுப்பெட்டி, மகன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஏசி. போன வருஷம் டேஷ்போர்டு பல்பு எல்லாத்தையும் எடுத்துட்டு எல்இடி.

50 வருஷம் தாண்டியும் இது 'விண்டேஜ்' கார் ஆகாது. 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி ஒரிஜினல் நிலையில இருக்கிற வண்டிக்குத்தான் அந்தப் பட்டம். பெரியப்பாவுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு அது பட்டம் வாங்குற வண்டி இல்லை, ஆஸ்பத்திரிக்கும் உத்திரமேரூர் சந்தைக்கும் போற வண்டி.

வண்டிக்கு வந்த நோய் இதுதான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காலையில செல்ஃப் எடுக்காது. நாலு பேர் தள்ளணும். பக்கத்து டவுன்ல ஒரு கடையில காட்டினார். "பேட்டரி போச்சு"ன்னாங்க. புதுசு போட்டார், ஏழாயிரம். மூணு மாசம் கழிச்சு மறுபடி தள்ளு. "டைனமோ வீக்"ன்னாங்க. கழட்டி ரீவைண்டிங், மூவாயிரத்து சொச்சம். ஒரு மாசம் ஓடுச்சு. அப்புறம் ரெகுலேட்டர். அப்புறம், நம்பினா நம்புங்க, இன்னொரு பேட்டரி. ஒன்றரை வருஷத்துல பதினெட்டாயிரத்தைத் தாண்டிடுச்சு. இத்தனையிலயும் வண்டியில மீட்டரை வச்சு ஒரு தடவை அளந்து பாத்தவங்க ஒருத்தர் கூட இல்லை!

கடைக்காரங்களைத் திட்ட இதை எழுதலை. அவங்க நிலைமையில இருந்து பாருங்க. பேட்டரி வித்தா லாபம் இருக்கு. ரீவைண்டிங் பண்ணினா கூலி இருக்கு. ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு ஒயரா தடவிப் பாத்து "உன் பேட்டரி நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னா என்ன கிடைக்கும்? ஒரு டீ. அதுவும் பெரிய மனசு இருந்தா.

கடைசியில ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தோம். அறுபதைத் தாண்டினவர். கடையை மூடிட்டு வீட்டுல இருக்கார். கையில ஒரு பழைய மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், அவ்வளவுதான்.

வந்ததும் ஸ்பேனரையே தொடலை. முதல்ல கேள்வி. எப்போ கடைசியா தள்ளினீங்க? அதுக்கு முந்தின நாள் எவ்வளவு தூரம் ஓடுச்சு? ஏசி போட்டீங்களா? சார்ஜிங் லைட் சாவி போட்டதும் எரியுதா? பெரியப்பா "எரியறதே இல்லைப்பா, அதான் நல்லா சார்ஜ் ஆகுதே"ன்னார். அந்த மனுஷன் சிரிச்சார். "ஐயா, சாவி போட்டதும் எரிஞ்சு, எஞ்சின் ஓடினதும் அணையணும். ஒரேயடியா எரியலைன்னா அதுவும் கோளாறுதான்."

அப்புறம் அளவு. இரவெல்லாம் நின்ன வண்டி, பேட்டரியில 12.3 வோல்ட். ஸ்டார்ட் பண்ணினார். ஐடில்ல 12.4. அதாவது சார்ஜே இல்லை. ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சதும் ஒரு துள்ளு துள்ளி 13.9க்குப் போச்சு. காலை எடுத்த பிறகும் அப்படியே நின்னுச்சு. "ஒண்ணு கிடைச்சுது"ன்னார்.

அது என்னன்னா, ஆல்டர்னேட்டர் தானா முழிச்சுக்காது. உள்ளே இருக்கிற சுருளுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் கரண்ட் கொடுத்து எழுப்பணும். அந்தக் கரண்ட் போறது சார்ஜிங் லைட் பல்பு வழியாத்தான். ரெண்டு வாட் பல்புன்னு லேசா நினைக்கிறோம், அதுதான் மெஷினை எழுப்புற சேவல். போன வருஷம் டேஷ்போர்டுல எல்லாம் எல்இடி ஆக்கினப்போ இதையும் மாத்திட்டாங்க. போதாக்குறைக்கு அந்த எல்இடியைத் திருப்பி வேற மாட்டியிருந்தாங்க, அதான் எரியவே இல்லை. நேரா மாட்டியிருந்தாலும் எல்இடி வழியா போற கரண்ட் அந்த வேலைக்குப் பத்தாது. அதனால எஞ்சின் ஒரு தடவை வேகமா சுத்தி, இரும்புல மிச்சமிருக்கிற காந்தத்துல தானா பத்திக்கிற வரைக்கும் சார்ஜ் கிடையாது. ஊருக்குள்ளேயே மெதுவா போய்ட்டு வந்தா அன்னைக்கு முழுக்க சார்ஜ் இல்லாமலே கூட ஓடியிருக்கும். டீசல் எஞ்சின் ஓடுறதுக்குக் கரண்ட் வேணாம், அதனால வழியில நிக்காது. மறுநாள் காலையில மட்டும் பழி பேட்டரி மேல.

ஆனா எல்இடி போட்டது போன வருஷம். நோய் அதுக்கும் முன்னாடியே இருந்துச்சே? அதையும் அவரே கேட்டுக்கிட்டார். "இது ஒண்ணுதான்னு முடிவு பண்ணிட்டா போன ஆளு மாதிரியே ஆயிடும்"னு சொல்லிட்டு ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாத்தையும் போடச் சொன்னார். இப்போ ஆல்டர்னேட்டர் முனையில 14.1. பேட்டரி முனையில 12.9. நடுவுல 1.2 வோல்ட் எங்கே போச்சு?

மீட்டரோட ஒரு முள்ளை ஆல்டர்னேட்டர் பாசிட்டிவ்லயும் இன்னொண்ணை பேட்டரி பாசிட்டிவ்லயும் வச்சார். 1.1 வோல்ட். எர்த் பக்கம் அதே மாதிரி வச்சார், 0.1. ஆக, எர்த் சுத்தம், பாசிட்டிவ் ஒயர்லதான் திருட்டு. அந்த ஒயரைத் தடவிக்கிட்டே போனா பழைய டைனமோ காலத்து ஒயர்! எஞ்சின் மாத்தினப்போ மெஷினை மாத்தியிருக்காங்க, ஒயரை மாத்தலை. 22 ஆம்பியருக்குப் போட்ட ஒயர் வழியா ஏசி போட்டா 35 ஆம்பியருக்கு மேல போகுது. போதாததுக்கு வேலையில்லாத பழைய கட்-அவுட் பெட்டியில வந்து, ரெண்டு டெர்மினலை ஒண்ணா முறுக்கி, டேப் சுத்தி, அங்கிருந்து பேட்டரிக்குப் போகுது. அந்த முறுக்கு தொட்டா சுடுது. மேல இருந்த பிளாஸ்டிக் அப்பளமா நொறுங்குது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருக்கு. அது பாக்குறது தன் முனையில இருக்கிற 14.1ஐ. "எல்லாம் சரியா இருக்கு"ன்னு அது நினைச்சுக்குது. பேட்டரிக்குப் போய்ச் சேர்றது 12.9. அந்த அளவுல பேட்டரி என்னைக்கும் முழுசா நிரம்பாது. அரை வயித்தோடவே கிடந்தா லெட் ஆசிட் பேட்டரியோட தட்டுல சல்பேட் படிஞ்சு இறுகிடும். புது பேட்டரி மூணு மாசத்துல கிழமாச்சுன்னா காரணம் இதுதான். ரெண்டு பேட்டரியும் நோயால சாகலை, பட்டினியால செத்திருக்கு.

தடிமனான ஒயர் ஒண்ணு நேரா ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரிக்கு, நடுவுல ஒரு ஃபியூஸ். பழைய பல்பு திரும்ப அதே இடத்துல. சாமான் செலவு 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மறுபடி எல்லா லோடும் போட்டு அளந்தார். பேட்டரியில 13.8. கூலி 800 ரூபாய் கேட்டார்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். பெரியப்பா நல்ல மனுஷன்தான். அதுவரைக்கும் பதினெட்டாயிரத்தை முகம் சுளிக்காம கொடுத்தவர். ஆனா இந்த 800க்கு, "ஏம்பா, ஒரு ஒயரு ஒரு பல்பு, அதுக்கு எண்ணூறா?"ன்னுட்டார். அவர் பதிலுக்குச் சண்டை போடலை. "ஒயரு மாத்துனதுக்கு நூறு ரூபா ஐயா. எந்த ஒயருன்னு தெரிஞ்சதுக்கு எழுநூறு"ன்னு சொல்லிட்டு மீட்டரைத் துணியில சுத்த ஆரம்பிச்சார். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு முழுசா கொடுத்தார்னு வைங்க. ஆனா அந்தக் கேள்வி நம்ம எல்லார் வாயிலயும் வர்ற கேள்விதான்.

இந்த இடத்துல வழக்கமா எல்லாரும் மருந்து அதிகாரத்துக் குறளைத்தான் எடுப்பாங்க. நான் எங்க ஊர்க் கல்வெட்டை எடுக்கிறேன். திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில்ல 11ஆம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அங்கே படிச்ச மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் 15 படுக்கையோட ஒரு ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்த கணக்கு அதுல இருக்கு. யாருக்கு எவ்வளவு சம்பளம்னும் எழுதி வச்சிருக்காங்க. வைத்தியம் பார்க்கிறவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். கத்தி வச்சு அறுக்கிற சல்லியக்கிரியை பண்றவருக்கு 30 கலம் நெல். இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளோட பட்டியல் தனி.

வைத்தியருக்கு வேற பொறுப்பும் இருந்திருக்கும், நோய் கண்டுபிடிக்கிறதுக்கு மட்டும் அந்தச் சம்பளம்னு நான் அடிச்சுச் சொல்ல வரலை. ஆனா ஒண்ணு தெளிவா தெரியுது. பார்க்கிற வேலைக்குத் தனிக் கணக்கு, மருந்துக்குத் தனிக் கணக்கு. மருந்தை வித்து வர்ற லாபத்துல வைத்தியர் பிழைச்சுக்கட்டும்னு அவங்க விடலை. அதே ஊர்ல, ஆயிரம் வருஷம் கழிச்சு, நாம மெக்கானிக்கை அப்படித்தான் விட்டிருக்கோம்.

டாக்டர்கிட்ட போறோம். நாக்கை நீட்டச் சொல்றார், ஸ்டெதஸ்கோப் வைக்கிறார், சீட்டு எழுதுறார். 300 ரூபாய் வச்சுட்டு வரோம். "மாத்திரை நீங்க தரலையே, எதுக்குக் காசு?"ன்னு யாராவது கேட்டிருக்கோமா? கையில கிரீஸ் இருக்கிறவர் கேட்டா மட்டும் ஏன் உறுத்துது? யோசிச்சுப் பாருங்க.

சரி, உங்க கேள்வி வரும்னு தெரியும். "பாக்குறதுக்குக் காசுன்னு ஆரம்பிச்சா, சும்மா பாத்துட்டு ஏமாத்துவானே?" நியாயமான கேள்வி. அதுக்கு வழி இருக்கு. எண் கேளுங்க. வேலைக்கு முன்னாடி என்ன அளவு, பின்னாடி என்ன அளவு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. எண் இல்லாம "பேட்டரி போச்சு"ன்னா அது கண்டுபிடிப்பு இல்லை, ஜோசியம். 12 வோல்ட், நெகடிவ் எர்த், சாதாரண லெட் ஆசிட் பேட்டரி, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற ஆல்டர்னேட்டர்னா கேக்க வேண்டியது இவ்வளவுதான்:

1. இரவெல்லாம் நின்ன பிறகு பேட்டரி வோல்டேஜ். 12.6 இருந்தா நிறைஞ்சிருக்கு, 12.2 சுமார் பாதி. 12க்குக் கீழே போயிருந்தா முதல்ல வெளியே சார்ஜ் போட்டுட்டுத்தான் மத்த சோதனை.

2. எஞ்சின் ஓடும்போது, லோடு எதுவும் இல்லாம, பேட்டரி முனையில 13.8ல இருந்து 14.5க்குள்ள. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் கெட்டிருக்கு, பேட்டரி கொதிச்சுடும்.

3. லைட், ஏசி எல்லாம் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் வேகமா வச்சு, மறுபடி அதே இடத்துல. 13.2க்குக் கீழே போகக் கூடாது. போனா பெல்ட் வழுக்குதான்னும் பாக்கணும்.

4. அந்த லோடு இருக்கும்போதே ஆல்டர்னேட்டர் பாசிட்டிவ் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவுல. 0.3க்கு மேல இருந்தா ஒயர், முறுக்கு, டெர்மினல். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவுல 0.2க்கு மேல இருந்தா எர்த்.

5. எல்லாத்தையும் அணைச்ச பிறகு பேட்டரியில இருந்து எவ்வளவு கசியுது? பழைய வண்டியில கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும், பாட்டுப்பெட்டிக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினா திருடனைத் தேடணும். மல்டிமீட்டரை இடையில மாட்டி இதை அளக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க.

நாலாவதுதான் முக்கியம். அதைத்தான் யாரும் செய்யறதில்லை. எங்க வண்டி மாட்டினது அங்கேதான்.

செய்ய விடக்கூடாத சோதனை ஒண்ணு இருக்கு. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பாக்குறது. "வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லா இருக்கு"ன்னு சொல்வாங்க. டைனமோ காலத்துப் பெட்ரோல் வண்டியில பழகின பழக்கம். ஆல்டர்னேட்டர்ல அப்படிச் செஞ்சா ஒரு நொடியில வோல்டேஜ் எகிறி டையோடு, பாட்டுப்பெட்டி எல்லாம் போயிடலாம். அதை விடுங்க, கேபிளை இழுத்து நிறுத்துற பழைய டீசல் எஞ்சின் கரண்டே இல்லாம ஓடும்! பேட்டரியைக் கழட்டினாலும் ஓடத்தான் செய்யும், ஆல்டர்னேட்டரையே கழட்டினாலும் ஓடும். அதுல இருந்து என்னத்தைக் கண்டுபிடிக்க?

வண்டிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சினை மாத்தினா ஆர்.சி. புத்தகத்துல எழுதிக்கணும்னு சட்டம் இருக்கு. ஒயரை மாத்தினா எழுத புத்தகம் கிடையாது. கம்பெனி 2014லயே அம்பாசடரை நிறுத்திடுச்சு. அது கொடுத்த பழைய வரைபடம் கிடைச்சாலும் மேட்டடார் எஞ்சினும் ஏசியும் அதுல இருக்காது. அந்த வண்டிக்குன்னு உலகத்துல ஒரு வரைபடமும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில கோளாறு கண்டுபிடிக்கிறது புது கார்ல கம்ப்யூட்டரைச் சொருகிக் கோடு படிக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து யோசிக்கணும். அதனாலதான் அதுக்குக் கூலி கூடவே கொடுக்கணும்ங்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எந்தக் கலர் ஒயர் எங்கிருந்து எங்கே போகுதுன்னு எழுதி டேஷ்போர்டுல போட்டு வச்சா அடுத்து பாக்குறவருக்குப் பாதி வேலை மிச்சம். பெரியப்பா வண்டிக்கு நான் எழுதிட்டேன், பதினோரு பக்கம் வந்துச்சு.

எனக்கு இதுல இருக்கிற கவலை வேற. அந்தப் பெரியவர்கிட்ட "யாருக்காவது சொல்லிக் கொடுத்தீங்களா?"ன்னு கேட்டேன். ரெண்டு பசங்க வந்தாங்களாம். ஒருத்தன் பேட்டரி கடை வச்சிருக்கான், நல்லா இருக்கான். இன்னொருத்தன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். கண்டுபிடிக்கிற வேலையில சோறு இல்லைன்னு ரெண்டு பேருக்கும் சீக்கிரமே தெரிஞ்சு போச்சு. அவங்களை எப்படித் தப்பு சொல்றது?

உங்க ஊர்ல இப்படி ஒருத்தர் இருக்காரா? மீட்டரோட வந்து, முதல்ல கேள்வி கேட்டு, அப்புறம் அளந்து, அதுக்கப்புறம் ஸ்பேனரைத் தொடுறவர்? இருந்தா அடுத்த தடவை பேரம் பேசாம கொடுத்துட்டு வாங்க. உங்க அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. "என் மெக்கானிக்கும் கடைசியில பேட்டரியைத்தான் மாத்தினார்"னு எழுதறவங்க அளவையும் சேர்த்து எழுதணும், எண் இல்லாத பின்னூட்டம் செல்லாது :-)